எண்ணெய்ச் சட்டியில் மூன்று தட்டு

என் உயிர் முருகேசண்ணே,

முதலில் நல்ல செய்தி. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தின் வரைபடத்தில் நம்ம சந்துக்கு நிறம் மாறிவிட்டது! போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நானே பார்த்தேன். ‘வீடு மட்டும்’ என்றிருந்த மஞ்சள் போயே போச்சு. இனி வீடும் தொழிலும் ஒரே இடத்தில் இருக்கலாமாம். கீழே முறுக்கு அடுப்பு, மேலே படுக்கை என்று நீங்கள் வாழ்நாள் முழுக்க ஒளித்துச் செய்ததற்கு இப்போது ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: கலப்புப் பயன்பாடு. செம இல்ல?

அடுத்தது கெட்ட செய்தி. மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல?

முனிசிபாலிட்டி வண்டி சந்து முனையில் தெரிந்தால் கரண்டியால் எண்ணெய்ச் சட்டியில் மூன்று தட்டு தட்டுவீர்களே, ஞாபகம் இருக்கா? அடுத்த நொடி சந்தில் ஒரு அடுப்பு இருக்காது. நீங்கள் எனக்கு ஹீரோ ஆனதே அந்தத் தட்டில்தான்.

போன வாரம் சர்வே எடுக்க வந்தார்கள். வீட்டில் தொழில் நடக்கிறவர்களுக்குப் புதுக் கட்டிடத்தில் ஃபிளாட்டோடு தொழிலுக்கும் இடம் உண்டு. “அடுப்ப எரிய விடுங்க” என்று குரூப்பில் வாய்ஸ் மேல் வாய்ஸ் போட்டேன். எல்லாரும் கும்பிடு எமோஜி போட்டார்கள். அன்றைக்கென்று மாஹிமில் நான் வேலை பார்க்கும் கடையில் என்னைச் சீக்கிரம் விடவில்லை. நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என்ன நடந்ததென்று பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா நடித்தே காட்டினார். கழுத்தில் அட்டை தொங்கிய ஆட்களைப் பார்த்ததும் உங்கள் சம்சாரம், நம்ம மைனியின் கை தானாகக் கரண்டியை எடுத்ததாம். மூன்று தட்டு. அவ்வளவுதான்! சந்து முழுக்க அடுப்புகள் கட்டிலுக்கு அடியில். முறுக்குப் பலகை மேல் போர்வை, போர்வை மேல் பேச்சியக்காவின் கைக்குழந்தை.

இங்கே என்ன வேலை நடக்கிறது என்று அவர்கள் கேட்க, “குச் நஹி சாப், கர் ஹை, சிரிஃப் கர்!” என்றாராம் மைனி. ஒன்றுமே இல்லையாம், வெறும் வீடாம். முழங்கை வரை மாவு!

“முறுக்கு வாசம் வருதேன்னு அந்த ஆளு மோந்து பாக்கான்,” என்றார் பேச்சியக்கா. “அது அடுத்த சந்துன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்.” அதில் ஒரு பெருமை வேறு.

எல்லார் பெயருக்கும் நேராக ‘வீடு மட்டும்’ என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“மைனி, என்ன காரியம் செஞ்சிட்டிய!” என்று கத்தினேன்.

“நான் என்னட்டி செய்ய? அட்டையப் பாத்தா கை நிக்க மாட்டேங்கு. ஒங்க அண்ணன் பழக்கி விட்டுட்டுல்லா போயிட்டாவ.” மைனி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எங்கயோ ஒசர மாடியில வெறும் வீட்டக் குடுத்தா, நான் எங்கன வச்சு முறுக்கு சுட? புள்ளையள எப்படி வளக்க?”

மறுபடி சர்வே எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்றார்கள். எப்போது? சொல்லவில்லை. சந்தில் பைக் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். வருவார்களா? வந்தால் மைனியின் கை நிற்குமா?

நிற்காது, எனக்குத் தெரியும். அதனால் தட்டின் அர்த்தத்தையே மாற்றிவிட்டேன், அண்ணே. இனி மூன்று தட்டு கேட்டால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நேற்று ஒத்திகை வைத்தோம். மைனி தட்டினார். பாதிச் சந்து பற்றவைத்தது, பாதிச் சந்து ஒளித்தது. பேச்சியக்கா பற்றவைத்துவிட்டு, அதன் மேலேயே போர்வையைப் போடப் போனார்!

பழகிவிடும். பழகும்வரை தினமும் தட்ட வைப்பேன். அவர்கள் நம்ம வாசலில் கால் வைக்கும்போது உங்கள் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். இது சத்தியம்.

உங்கள் முதல் ரசிகை,
மேல்வீட்டுத் தங்கச்சி இசக்கி