என்ன விற்பது என்று இன்னும் முடிவாகவில்லை

3-ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே நீயும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. இன்று காலை போனில் நீ, "என்னங்க, எந்தப் பொருள்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாய். நான், "பண்ணிட்டே இருக்கேன்" என்றேன். அது பச்சைப் பொய். போனில் எனக்கு "சரி, சரி" தவிர வேறு வார்த்தை வராது, எழுதினால்தான் மனதில் இருப்பது வெளியே வரும் என்று நீயே எத்தனையோ முறை திட்டியிருக்கிறாய். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். என் கோழிக் கிறுக்கலைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

உன் மீன் கம்பெனி கொடுத்த படிவம் என் கண்ணிலேயே நிற்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ அதில் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயேதான். போடாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடலாம். என் ஆன்லைன் கடை ஒரு வருஷத்தில் காலூன்றிவிட்டால் நீ போட வேண்டியதில்லை என்றுதானே கிளம்பும்போது பேசிக்கொண்டோம்? வருஷம் ஓடிவிட்டது. கடைக்குப் பெயர் இருக்கிறது. லோகோ இருக்கிறது. அட்டைப்பெட்டிகள் அலமாரி உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. உள்ளே வைக்கப் பொருள்தான் இல்லை.

நான் சேர்ந்திருக்கும் இணைய வகுப்பின் மாஸ்டர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார். எல்லாருக்கும் எல்லாம் விற்கப் போனால் யாருக்கும் எதுவும் விற்க மாட்டாய், ஒரே வகை ஆளைப் பிடி, அந்த ஆளுக்கு வேண்டியதை மட்டும் விற்றுப் பழகு என்கிறார். அதற்கு ‘நிஷ்’ என்று பெயராம். சந்தையில் நமக்கென்று ஒரு மூலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த மூலை என்று கேட்டால், "அது உங்களுக்குள்ளதான் இருக்கு சார்" என்கிறார். எனக்குள் தேடிப் பார்த்தேன், அசதிதான் இருந்தது.

முதலில் போன் உறை விற்கலாம் என்றிருந்தேன். அதில் போட்டி அதிகம், விழுந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்றார்கள். அப்புறம் செல்லப் பிராணிகள். நாய்க்கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி, பக்கத்து வீட்டு நாய்க்கு மாட்டிப் பார்த்தேன். பட்டையையும் தின்றது, என் செருப்பையும் தின்றது. பிறகு மாடித் தோட்டச் சாமான், பிறகு யோகா விரிப்பு, பிறகு பச்சைக் குழந்தைத் துணி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்று உறுதியாகிறது, வெள்ளிக்கிழமைக்குள் அது ஆட்டம் கண்டுவிடுகிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான் போல. உன் தம்பி வேறு வந்து, "மாமா, இப்ப முடி கொட்டறதுக்குதான் மார்க்கெட்" என்றான். என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பதினான்கு வருஷம் விளக்குக் கடைக் கவுண்டரில் நின்றவன் நான். எதிரே ஆள் வந்து நின்றால் போதும், அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் எந்த அறை இருட்டு என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஆளே இல்லை. யார் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

உன் செல்ல மகள் வாலு பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள். இன்றும் உன்னிடம் போனில் பேச மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். விளையாட்டுப் புத்தி, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
முடிவெடுக்கத் தெரியாத உன் கணவன்


14-ஆம் தேதி, வியாழன்

என் மேனேஜரம்மாவுக்கு அன்பு முத்தங்களுடன்,

கிடைத்துவிட்டது! பொருள் கிடைத்துவிட்டது! இதை எழுதும்போதுகூடக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த வாரம் மாஸ்டர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தேடும் பெட்டியில் ஒரே ஒரு சொல்லைத் தட்ட வேண்டும். கீழே வரிசையாக வரிகள் விழும். சனங்களுக்கு என்ன குறை என்பது அதில் தெரிந்துவிடும், குறை இருக்கும் இடத்தில்தான் வியாபாரம் என்றார். நானும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘கால்’ என்று தட்டினேன். முதல் வரியே, "பத்து மணி நேரம் நின்றால் குதிகால் வலி என்ன செய்வது" என்று விழுந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு கடிகாரப் படம். உலகமே இந்த நேரத்தில் இதைத்தான் தேடுகிறது என்பதற்கான அடையாளம் அது என்று நானே கண்டுபிடித்தேன். என் மூளையும் சில நேரம் வேலை செய்யத்தான் செய்கிறது.

அடுத்து ‘கை’ என்று போட்டேன். "கையுறைக்குள் விரல் வெடித்து ரத்தம் வந்தால்" என்று வந்தது, அதற்கும் கடிகாரம். ‘குளிர்’ போட்டால், "குளிர் அறையில் வேலை விரல் மரத்துப் போகிறது". ‘தூக்கம்’ போட்டால், "அறையில் ஆறு பேர் விளக்கு அணைப்பதில்லை தூங்குவது எப்படி". எல்லாவற்றுக்கும் கடிகாரம்! ‘குழந்தை’ என்று போட்டபோது, "ஏழு வயதுக் குழந்தை அம்மாவிடம் போனில் பேச மறுக்கிறது" என்றுகூட ஒன்று வந்தது. பார்த்தாயா, ஊர் பூராவும் இதே கதைதான், நம் வாலு ஒருத்தி மட்டும் இல்லை. ஆனால் அதற்கு விற்கப் பொருள் எதுவும் இல்லாததால் அதை விட்டுவிட்டேன்.

அன்று மாலையே என் வாடிக்கையாளரை முழுப் பக்கத்துக்கு எழுதினேன். வயது முப்பதுக்கு மேல். குடும்பத்தை விட்டுத் தூரத்தில் வந்து, குளிர் அறையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண். வலி இருக்கிறது, யாரிடமும் சொல்வதில்லை, சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்துத் தேடிப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு வெடிப்புக் களிம்பு, குதிகாலுக்கு அடியில் வைக்க மெத்தென்று ஒரு திண்டு, கண்ணை மறைக்கும் பட்டை, காதடைப்பான், எல்லாம் ஒரே பெட்டியில். வகுப்பில் படித்துக் காட்டினேன். மாஸ்டர், "ஆளையே கண்ணெதிர்ல கொண்டாந்து நிறுத்திட்டீங்க சார்!" என்று எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உனக்கு அங்கே நாற்காலி போட்ட வேலை, ஹீட்டர் வைத்த கூடம், இரண்டு பேருக்கு ஒரு அறை. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்குமா? உன்னோடு வேலை செய்பவர்களில் யாருக்காவது இப்படித் தொல்லை இருந்தால், எந்தக் களிம்பு போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல். மாதிரிக்குக் கொஞ்சம் சாமான் வரவழைத்திருக்கிறேன். படிவத்தை மட்டும் தொடாதே, நான் பிடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நடக்கும் உன் கணவன்


20-ஆம் தேதி, புதன்

என் அன்பு மனைவிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க வாய் கூசுகிறது.

போன கடிதத்துக்கு நீ போனில் அனுப்பிய பதிலை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "நல்லா இருக்குங்க. கையுறைக்கு உள்ள போடற மெல்லிசு பருத்தி உறையும் சேத்து வைங்க, அது நிச்சயமா போகும். கடை மெதுவா வளரட்டும், அவசரப்படாதீங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்." இதைப் படித்து அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பருத்தி உறையைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். என் பெண்டாட்டிக்கு எவ்வளவு வியாபார ஞானம் என்று உன் தம்பியிடம் பெருமை பேசினேன்.

நேற்று அவன் விளம்பரம் தயார் செய்து கொடுக்க வந்தான். நான் காட்டிய சொற்களை அவன் போனில் தட்டினான். ஒன்றுமே விழவில்லை. குளிர் அறையும் இல்லை, குதிகாலும் இல்லை, ஏதேதோ சினிமாச் செய்தி வந்தது. என் கம்ப்யூட்டரில் தட்டினால் வரிசையாக விழுகிறது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் கடிகாரம் ஊர் உலகம் தேடறது இல்ல. உங்க கணக்குல ஏற்கெனவே தேடினது" என்றான். நான் தேடவே இல்லையே என்று சண்டைக்குப் போனேன். அவன் எதையோ அழுத்தினான். தேதி, மணி, எந்தப் போன் என்று எல்லாம் வந்தது. எல்லாம் உன் போன். எல்லாம் உன் சாப்பாட்டு வேளை.

நீ கிளம்புவதற்கு முதல் நாள், புதிதாகக் கணக்குத் திறக்க நேரமில்லை என்று என் கணக்கையே உன் போனிலும் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அது எனக்கு மறந்தே போயிற்று. உன் தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் சமையலறையிலேயே நின்றுவிட்டான். அவனிடமும் நீ அந்த ஹீட்டர் கதையைத்தான் சொல்லியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாமல் வருகிறது. ஒரு வருஷமாக நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், நான் அந்தச் சோற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் போன கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே உனக்குப் புரிந்திருக்கும். உன் விரலில் வரும் ரத்தத்தை எழுதி, கை தட்டு வாங்கி, அதை உனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். அதற்கும் நல்லா இருக்குங்க என்று எழுதினாயே, உனக்கு என்னைத் திட்டத் தோன்றவில்லையா? திட்டியிருக்கலாமடி.

இனி அந்தத் தேடல் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய நினைத்தேன். திறக்காவிட்டால் உனக்கு என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? திறந்தால் அது திருட்டு மாதிரி இருக்கிறது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. நீயே ஒரு வழி சொல்.

ஆனால் நீ தேடியதில் ஒன்றுக்கு நான் பதில் கண்டுபிடித்தேன். காலையில் தலை பின்னிவிடும்போது வாலுவிடம் மெதுவாகக் கேட்டேன், ஏன் அம்மாவிடம் பேச மாட்டேன் என்கிறாய் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேசினா அம்மா சமத்துப் பொண்ணுன்னு சொல்லி போனை வெச்சிடறாங்கப்பா. பேசலைன்னா பேசுடா பேசுடான்னு வெக்காமலே இருக்காங்க." இதைக் கேட்டு என்னால் இரண்டாவது பின்னலைப் போட முடியவில்லை. ஒற்றைப் பின்னலோடுதான் பள்ளிக்குப் போனாள்.

கடை விஷயம் இன்னும் குழப்பம்தான். அந்தக் களிம்பை விற்பதா, விடுவதா தெரியவில்லை. விற்றால் உன்னை விற்கிற மாதிரி இருக்கிறது. விட்டால், உன்னைப் போல அங்கே நிற்கும் மற்றப் பெண்களுக்கு யார் அனுப்புவார்கள் என்றும் தோன்றுகிறது. மாஸ்டர் இருபது முறை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. இன்று மதியம் பெரிய விளக்குக் கடை ஒன்றில் போய்க் கேட்டேன். கவுண்டருக்கு ஆள் வேண்டுமாம், ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள். சம்பளம் முன்னே மாதிரி இல்லை, நாம் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆன்லைன் கடையை நீ வந்த பிறகு இரண்டு பேருமாக யோசிப்போம். தனியாக யோசித்த லட்சணத்தைத்தான் பார்த்தாயே.

படிவத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்வேன்.

மாதிரிக்கு வந்த களிம்பையும் பருத்தி உறையையும் இன்றே உன் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் மனம் கேட்கவில்லை. அங்கே வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். கை வெடித்தவளுக்கு மருந்து போய்ச் சேரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற புருஷன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்தப் பொட்டலம் வரும்போது வாங்குவதற்கு நீ அங்கே இருக்காதே அம்மா. அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று எழுதி, அவர்கள் அதைத் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்துக் காத்திருக்கும்,
நான்