பட்டறைக்கு வந்த புது விதி

பிப்ரவரி 2, திங்கள்

பனி. செம்மண்டலத்திலிருந்து கடலூர் முதுநகர் பட்டறை வரை காரில் விளக்கு எரிந்தபடி. தையல்காரர்களில் இருவர் தாமதம்.

திங்கள் ஜெபம். கான்வென்டில் மதர் செய்தது போல, யாருக்கு என்ன நோய் என்று பெயர் சொல்லி நானே வாசிப்பது. இன்று காஜா போடும் மேரியின் மூட்டுவலி.

பிறகு ஆலோசகர் ராஜவேலு. தொழிலாளர் சட்டம் மாறிவிட்டதாம். என் கணவர் தனித்தனிப் பெயரில் வைத்த கடலூர், சிதம்பரம் பட்டறைகளை இனி சேர்த்தே எண்ணுவார்களாம். இப்போதே தயாராக வேண்டியவை:

— எல்லோருக்கும் நியமனக் கடிதம்
— சம்பளத்தில் பாதியாவது அடிப்படையாக
— பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு. ஆதார், வாரிசு பெயர்
— நாற்பது தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை
— எனக்கு பி.பி. மாத்திரை

"நோய் வந்தால் நானே காரில் கூட்டிப்போய்ப் பார்க்கிறேன். இ.எஸ்.ஐ. அட்டை எதற்கு?"

"நீங்க செய்யறது உங்க மனசு மேடம். இது அவுங்க உரிமை. ஆய்வுக்கு வர்றவங்க கிட்ட மனசக் காட்ட முடியாதே."

வாய் ஜாஸ்தி.

பிப்ரவரி 12, வியாழன்

சிதம்பரம். நாற்பது தாண்டிய பெண்களை வேனில் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரிடம் அவர்களுக்காகப் பேசுவது எப்போதும் நான்தான். இவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்த டாக்டரம்மா புதிது, என் பேத்தி வயது.

"நீங்க வெளிய உக்காருங்கம்மா."

பிளாஸ்டிக் நாற்காலி. காபி கழுநீர்.

முடிவுகள் ஒட்டிய உறையில், அவரவர் கையில். கஸ்தூரியிடம் கை நீட்டினேன். குமராட்சியிலிருந்து தாவணியில் வந்தவள், இன்று என் கட்டிங் மாஸ்டர். உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "ஒண்ணுமில்ல பெரியம்மா, பிரஷர்தான்."

திரும்பும்போது பின் சீட்டில் தனம்: "இந்த வாட்டி தப்பிச்சோம்டி." சிரிப்பு. என் காது நன்றாகவே கேட்கிறது.

மார்ச் 9, திங்கள்

அட்டைகள் வந்தன. ஜெபம் முடிந்ததும் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் கொடுத்த எதையும் இப்படிப் பார்த்ததில்லை.

மாலை கஸ்தூரி. ஆறு வாரம் விடுப்பு வேண்டுமாம். பள்ளிச் சீருடை வெட்டும் நேரத்தில்!

"எதற்கு?"

"கர்ப்பப்பைல கட்டி பெரியம்மா. எடுக்கணும்னுட்டாங்க. ரெண்டு வருஷமா ரத்தம் போவுது."

இரண்டு வருடம். என் கண் முன்னால் நின்று துணி வெட்டியிருக்கிறாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா திங்கக்கெழம ஜெபத்துல படிப்பீங்க. அயர்ன் போடற ஆம்பளைங்கள்லாம் நிப்பாங்க. அதுக்கு வலியே தேவலாம்னு இருந்துட்டேன்."

ஜெபம் இவளுக்கு அவமானம்.

மார்ச் 10, செவ்வாய்

தூக்கமில்லை. முதல் வேலையாகக் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த சர்ஜன், தனி அறை, செலவு என்னுடையது, நானே கூட இருக்கிறேன் என்றேன்.

"வேணாம் பெரியம்மா. அட்டையிலயே பாத்துக்கறேன்."

"அங்கே வரிசையில் நிற்கணும்."

"நிக்கறேன்."

கத்தரியைத் தனத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றி கெட்டவள் என்று இங்கே எழுதி, கோடு போட்டு அடித்தேன். அடித்திருக்க வேண்டியதில்லை.

மார்ச் 20, வெள்ளி

நேற்று ஆபரேஷன் முடிந்ததாம். ராஜவேலு சொல்லித்தான் எனக்கே தெரியும். கஸ்தூரி அவன் நம்பரை வைத்திருக்கிறாள்.

அழைக்காத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை. போனேன். காஞ்சிப் பட்டுச் சேலை வேண்டாம் என்று காட்டன். ஆப்பிள், ஹார்லிக்ஸ். வார்டு வாசலில் கஸ்தூரியின் மகள், கல்லூரியில் படிப்பவள், வழியை மறித்து நின்றாள்.

"அம்மா முழிச்சிதான் இருக்காங்க. ஆனா உள்ள வராதீங்க பெரியம்மா."

"ஏன்?"

"உங்களப் பாத்தா எழுந்து நின்னுருவாங்க. தையல் போட்டிருக்கு."

பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.