தண்ணீரில் சீறும் கல்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பதினேழு குஞ்சு செத்து மிதந்தது. நேற்று ஒன்பது. வலையால் அள்ளிக்கொண்டிருக்கும்போது சித்தி பின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்தத் தங்கமீன் குஞ்சும் போச்சுன்னா பின் அறையை நாய்த் தீனி மூட்டை வைக்க எடுத்துக்குவேன். நீ முன்னாடி வந்து நில்லு. வர்றவங்ககிட்ட பேசு."

பேசு. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

பள்ளியிலும் அதையேதான் சொன்னார்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், தொண்டை அடைத்துக்கொள்ளும், அப்படியே மணி அடிக்கும்வரை நிற்பேன். ஒன்பதாம் வகுப்பு பாதியில் இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சித்தியின் இந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்கு வந்து ஒன்றரை வருடம். மீன்கள் என்னை எதுவும் கேட்பதில்லை.

மத்தியானம் கடைப் போன் அடித்தது. முன்னால் யாரும் இல்லை. தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அது நிற்கும்வரை எண்ணினேன். பதினொரு தடவை.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டுப் பூனைகள் கழிவு போகத் தட்டில் பரப்பும் கல் மூட்டை ஒன்று கிழிந்து பின் அறை முழுக்கக் கொட்டிவிட்டது. சாம்பலும் பச்சையும் கலந்த சின்னச் சின்னக் கல். பெருக்கும்போது ஒரு கை அளவு, தொட்டி கழுவிய அழுக்குத் தண்ணீர் வாளியில் விழுந்தது. ஸ்ஸ் என்று சீறியது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஊசி முனை மாதிரி காற்றுக் குமிழி வரிசையாக மேலே வந்தது. பெருக்குவதை விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கல்லுக்குள் காற்று எப்படி?

பிப்ரவரி 6, வெள்ளி

வாளியை ஊற்ற மறந்திருந்தேன். இன்று போய்க் குனிந்தால், நாற்றம் இல்லை. அந்தத் தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் கண்ணைக் கரிக்கும். நான்கு தடவை முகர்ந்தேன்.

அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். அமோனியா இருந்தால் பச்சையாகும், இல்லையென்றால் மஞ்சள். குஞ்சுகளைக் கொல்வது அந்த அமோனியாதான், அவற்றின் கழிவிலிருந்தே வருவது.

மஞ்சள்.

குழாயைக் கழுவி மறுபடி விட்டேன். மஞ்சள்தான்.

யாரையும் கேட்காமல் ஒரு பழைய துணிப்பையில் அந்தக் கல்லை அள்ளி, அலசி, குஞ்சுத் தொட்டியில் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

இரண்டுதான் செத்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட.

பிப்ரவரி 10, செவ்வாய்

அம்மாவின் போனில் தேடினேன். இதன் பெயர் ஜியோலைட். எரிமலை கக்கிய சாம்பல் ஏரியிலும் கடலிலும் விழுந்து, லட்சக்கணக்கான வருடம் தண்ணீரில் ஊறி இப்படிக் கல்லாகியிருக்கிறது. உள்ளே முழுக்க அறை அறையாக ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஓட்டை. அந்த அறைகளில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அமோனியாவைப் பிடித்து வைக்கும்.

நன்றாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் போய்விடும், அப்புறம் ஈரம் பட்டால் கல்லே சுடும் என்று போட்டிருந்தது. நம்பவில்லை. இரும்புச் சட்டியில் வறுத்தேன். "உலை வைக்கச் சொன்னா கல்லை வறுக்கிறா. பல்லு யாருக்கு இருக்கு இதைத் தின்ன?" என்றாள் அம்மா. மூடிய டப்பாவில் ஆறவைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

சுட்டது. உண்மையாகவே சுட்டது. அம்மாவின் கையிலும் வைத்தேன். கையை உதறிவிட்டு, "இன்னொரு தடவை வை" என்றாள்.

ஒரு சாக்ஸில் கொஞ்சம் கட்டி அம்மாவின் வேலைச் செருப்பு வைக்கும் பெட்டியில் போட்டிருக்கிறேன். மீதியை ரோஜாத் தொட்டி மண்ணில் கிளறிவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

செருப்புப் பெட்டி நாற்றம் போய்விட்டது. "இந்த வீட்டுல மூச்சு விட முடியுது" என்று அம்மா மூக்கால் பெரிதாக இழுத்துக் காட்டினாள்.

பிப்ரவரி 14, சனி

கல் நிரம்பிவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. கெட்டியான உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு உப்பைப் பிடித்துக்கொள்ளுமாம். கழுவிக் காயவைத்தால் மறுபடி புதுக் கல்.

நேற்று பழைய கல்லை ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். இன்று சொட்டு விட்டதும் கரும்பச்சை. இவ்வளவு கரும்பச்சையைப் பார்த்ததே இல்லை. வாங்கி வைத்த அத்தனையையும் கல் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறது. கடைக்குள்ளேயே குதித்தேன். யாரும் பார்க்கவில்லை.

சாயந்திரம்: அப்படியென்றால், கல் தொங்குகிற தொட்டியில் யாராவது உப்புப் போட்டால்? சித்தப்பா மீனுக்கு என்ன வந்தாலும் உப்புத்தான் போடச் சொல்வார். சித்தி அவரை உப்பு டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

பிப்ரவரி 16, திங்கள்

சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். "என்ன, சொல்லு" என்றார். ஒரு அம்மா கிளித் தீனி கேட்டு வந்துவிட்டாள். நான் பின்னால் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெரிய நாள். பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கும் இடத்துக்குத் தொட்டி கேட்டார்கள். என் குஞ்சுகளில் பெரியவை இருபத்துநான்கைச் சித்தி தேர்ந்தெடுத்தாள். குஞ்சு சாகாததைக் கவனித்திருக்கிறாள், கல் பையும் போகட்டும் என்றாள். முட்டையிலிருந்து நான் வளர்த்த மீன்களை இனி முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்கள்.

"ஒரு மாசம் அங்க ஒண்ணுகூடச் சாகலைன்னா பின் அறை உனக்கே. நாய்த் தீனி வெளியில நனைஞ்சாலும் சரி. ஒண்ணு செத்தாலும் நீ முன்னாடி."

இருபத்தெட்டு நாள்.

மார்ச் 2, திங்கள்

ரோஜாவில் மூன்று புதுத் துளிர். தண்ணீர் ஊற்ற இரண்டு நாள் மறந்தும் மண் காயவில்லை. இப்போது மீன் தொட்டியில் வேலை முடிந்த கல்லையே ரோஜாவுக்குப் போட்டேன். மீனைக் கொல்வது செடிக்குச் சாப்பாடு. கல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். எவ்வளவு புத்திசாலிக் கல்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்தரைக்குப் போன். சித்தப்பா எடுத்தார். நான் பின்னால் தொட்டி துடைத்துக்கொண்டிருந்தேன். "வெள்ளைப் புள்ளியா? ஒரே மீன்லதானே? இதுக்குப் போயி பயப்படுறீங்க. ரெண்டு கை உப்பு தூவுங்க, பளிச்சுனு ஆயிடும்" என்றது காதில் விழுந்தது. அடுத்து, "பல் டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையில் ஸ்பாஞ்சு சொட்டச் சொட்ட, அவர் காதிலிருந்து போனைப் பிடுங்கினேன். நான்.

"உப்பு போடாதீங்க."

"யாருங்க பேசுறது?" வரவேற்பில் இருக்கும் அக்கா.

"மீன் வளர்த்தவ."

"போட்டுட்டேனேம்மா. வாய் கொப்பளிக்க வச்சிருக்கிற உப்பு கைக்கிட்டயே இருந்துச்சு."

தொண்டை அடைத்தது. அடைத்துக்கொண்டே பேசினேன். "உள்ள ஒரு துணிப்பை தொங்கும். அதை வெளிய எடுங்க. இப்பவே, கை நனைஞ்சாலும் பரவாயில்ல. அப்புறம் பாதித் தண்ணியை மொண்டு வெளிய ஊத்துங்க. நாங்க வர்றோம்."

சித்தப்பா உடனே வேன் சாவியை எடுத்தார். தெளிந்த தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார். பாதி வழியில்தான், "என்னன்னு சொல்லு" என்றார். எல்லாம் சொன்னேன். ஏரி, சாம்பல், அறைகள், உப்பு.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"பதினாலாம் தேதி."

"இன்னைக்கே பதினொண்ணுதானே?"

"போன மாசம்."

சிக்னல் பச்சையாகியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஐயோ, ஒரு வாக்கியம். கல் இருந்தா உப்பு கூடாது. அவ்வளவுதானே. அதை ஏன் சொல்லாம வச்சிருந்தேன்? யார் அடிக்கப் போறாங்க என்னை?

கிளினிக்குக்குள் போனால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மட்டும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. அந்த இரண்டும் பிழைக்கவில்லை. தண்ணீரை எடுத்து எடுத்து ஊற்றினோம். சொட்டு கரும்பச்சை, பச்சை, இளம்பச்சை. புள்ளி மீனை மட்டும் தனி வாளியில் விட்டு அதில் உப்புப் போட்டோம்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். கன்னம் வீங்கிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈரப் பையைக் காட்டி, புருவத்தைத் தூக்கி, என்ன என்று சைகையில் கேட்டார். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனாலோ என்னவோ எனக்குத் திறந்துகொண்டது. எரிமலையிலிருந்து ஆரம்பித்தேன். அம்மாவின் செருப்புப் பெட்டிவரை வந்துவிட்டேன். உள்ளே கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. முடித்துவிட்டுப் போகிறேன் என்று விரலைக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் எதிர் நாற்காலிகளில் நாலைந்து பேர் என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு மஞ்சள்.

மார்ச் 12, வியாழன்

சித்தியிடம் நானே சொன்னேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று. சித்தப்பா, "நான்தானே உப்புன்னு சொன்னேன்" என்று நடுவில் வந்தார். "உங்க பங்கு தனியா வரும்" என்றாள் சித்தி.

என்னைப் பார்த்து, "ரெண்டு போச்சு. சொன்னது சொன்னதுதான்."

தலையாட்டினேன்.

"காலையில பின்னாடி. மத்தியானத்துக்கு மேல முன்னாடி. கல்லைப் பத்திக் கேட்டா இவர் பதில் சொன்னார்னா கடையையே மூடணும்."

நாய்த் தீனியை எங்கே வைப்பாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

புள்ளி மீன் தேறிவிட்டது. "உப்பு" என்றார் சித்தப்பா, வாளியைத் தட்டி. "தனி வாளியில" என்றேன். முறைத்துவிட்டு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துவந்தார். கிளினிக்கில் கேட்டவர்கள் தேடி வருவதால் இப்போது விற்கிற ஒவ்வொரு கல் பையிலும் 'உப்புக் கூடாது' என்று எழுதித் தொங்கவிடும் வேலை அவருடையது. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பையைக்கூட விடுவதில்லை.

மார்ச் 28, சனி

இன்று போன் நான்கு தடவை அடித்தது. மூன்றை நான் எடுத்தேன். நாலாவது வெகு நேரம் அடித்தது, கடைசியில் சித்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்போது கிளினிக்கில் பார்த்தவர், கன்ன வீக்கம் வற்றி, மனைவியைக் கூட்டிவந்திருந்தார், ரோஜாத் தொட்டிக்குக் கல் வேண்டுமாம். கல்லின் கதையில் நான் ஏரிவரைதான் வந்திருந்தேன்.