நிற்காத நாற்பது

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக, விளக்குகூடப் போடாமல், மெயினைப் போட்டுக் கிரைண்டர் கன்வெர்ட்டரின் மேலம்புப் பொத்தானை ஐந்து தடவை அழுத்தினேன். திரையில் முப்பத்தைந்து நாற்பதானது. அந்த 'டிக்' சத்தம் கேட்டாலே உள்ளேயிருந்து, "யாரு கை அது?" என்பாய். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஆனாலும் திருடியைப் போலத் திரும்பிப் பார்த்தேன்.

மாங்காட்டில் நாம் இருவரும் இந்த மாவுக் கடையைத் தொடங்கியபோது, இங்கே இருந்த கரண்ட் லைன், கிரைண்டர் மோட்டாருக்குச் சரிப்படவில்லை. அதற்காக வாங்கி மாட்டியதுதான் இந்தக் கன்வெர்ட்டர். கல் எவ்வளவு வேகம் வரை சுற்றலாம் என்ற வரம்பையும் அதில்தான் வைக்க வேண்டும். நீ முப்பத்தைந்து என்றாய், நான் நாற்பது என்றேன். ஆறு வருடச் சண்டை.

"கல்லு வேகமா சுத்துனா மாவு சூடாவும்டி. அப்பால சாயங்காலமே புளிச்சிக்கும்."

"ஒரு மணி நேரம் மிச்சமாகுமே."

"மிச்சம் புடிச்சி இன்னா பண்ணப் போற, தூங்கப் போறியா?"

நீ பார்க்காதபோது நாற்பது வைப்பேன். சற்று நேரத்தில், "மோட்டார் கொஞ்சம் ஆறட்டும்" என்று நீ மெயினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவாய். திரையில் மறுபடி முப்பத்தைந்து! "பாத்தியா, மெஷினே என் கட்சி. சேக்காட்டுல பொறந்த பொண்ணுன்னா சும்மாவா?" இயற்பியல் படித்த நான், மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் அது மறந்துவிடுகிறது என்று விளக்குவேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "படிச்சவ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்பாய்.

போன வாரம் பூந்தமல்லி பெண்கள் விடுதியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: நாலு மணிக்குள் மாவு வராவிட்டால் வேறு கடை. நம் மாவில் பாதி அங்கேதான் போகிறது. முப்பத்தைந்தில் அரைத்தால் ஐந்து மணியாகிவிடும். நேற்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதுல நாற்பது நிக்கவே மாட்டேங்குது."

"நம்பரை வெச்சிட்டு இந்த பட்டனை அழுத்திப் புடிக்கணும்மா. 'சேவ்'னு வந்தாத்தான் ஞாபகம் வெச்சிக்கும். இல்லாட்டி கரண்ட் போனதும் பழசுக்கே போயிடும். உங்க ஃப்ரெண்டு சொல்லலையா? மாட்டுன அன்னிக்கே அவங்ககிட்ட காட்டிட்டேனே!"

அடிப்பாவி! வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவம் மனிதர், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இன்று நாற்பதில் அரைக்கும்போது, நீ செய்வதுபோலவே அடிக்கடி மாவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதல் ஈடு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் சூடு தெரிந்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றியதும் அடங்கியது. கை வைத்துப் பார்த்திராவிட்டால் புளித்துத்தான் போயிருக்கும். மூன்றே முக்காலுக்கு விடுதியில் மாவு இறங்கிவிட்டது. ஆக, நான் சொன்னது சரி. நீ சொன்னதும் சரி என்று ஒத்துக்கொள்ள இன்னும் நாளாகும்.

கடையை அடைக்கும் முன் 'சேவ்' பட்டன் மேல் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்: இனியும் அழுத்தப்போவதில்லை. நான் வராத நாளில், உன் இடத்தில் வேலைக்கு வந்திருக்கும் செல்வி தனியாகக் கடை திறப்பாள். சூடு பார்க்க இன்னும் அவள் கைக்குப் பழகவில்லை. அவள் ஸ்விட்சைப் போட்டால் உன் எண்தான் வர வேண்டும். நான் இருக்கும் நாளெல்லாம் நாற்பது வைப்பேன். சாயங்காலம் மெயினை அணைத்ததும் நீ ஜெயித்துக்கொள்.