வருஷம் திரும்புமுன் சுவரில் ஒரு துளை

அண்ணி, பின்னறையில் இன்னும் அந்த வாசனை போகவில்லை. சூடான செங்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை வருமே, அதோடு பழைய சுண்ணாம்பும் கலந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அறைச் சுவரைத் துளைத்தார்கள். தூளைக் கூட்டி அள்ளி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, சாம்பிராணியும் காட்டிவிட்டேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆடி வந்தால்தான் நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்பும். அதுவரைக்கும் போனவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள், அதனால் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது, சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக்கூடாது என்பது நம் வகையறா வழக்கம். எங்கள் அப்பா செத்த வருஷம் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க முடியாமல், அதை அரிசிக் குண்டான்மேல் சாய்த்து வைத்திருந்தோம். நீங்கள் நாள் கிழமை பார்க்க ஒவ்வொரு முறையும் குனிந்துவிட்டு, "செத்துங்கூட என்னத் தெனம் குனிய வெக்கிறாரு பாருடி ஒங்கப்பா" என்று சிரிப்பீர்கள். சிரித்தாலும் வழக்கத்தை மீறவில்லை. நீங்களே மீறாததை நான் மீறிவிட்டேனே என்பதுதான் என் பயம்.

எல்லாம் நம் செல்விக்காகத்தான். உங்கள் மகளுக்கு ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது அண்ணி. கம்ப்யூட்டர் கேம் தயார் செய்கிற கம்பெனி. கடைக்கு விடுவதற்கு முன்னால் அதை விளையாடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதித் தர வேண்டுமாம். "வெளையாடறதுக்கா சம்பளம் குடுப்பான்?" என்று நான் கேட்டதற்கு, "கோயில்ல பிரசாதத்த ருசி பாக்காம குடுப்பாங்களா அத்த?" என்றாள். "அடிப் பாவி, சாமிக்குப் படைக்காம யாராவது ருசி பாப்பாங்களாடி?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு உங்கள் வாய்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் நெட் ஒயரில் வர வேண்டும், செல்போனில் வருவது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பரீட்சை மாதிரி ஒன்று வைப்பார்கள், அதில் லைன் தயங்கி நின்றால் வீட்டு வேலை கிடையாது, பெங்களூருக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும். செல்வி இதைச் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றது. நீங்கள் போன பிறகு அவர் பேசுவதே கரும்புக்குத் தண்ணீர் விட்டாச்சா என்ற அளவில்தான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நெட் லைன்காரர் ஏணியோடு வந்தார். பின்பக்கத் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, செல்வி இருக்கும் பின்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இங்க ஒரு ஓட்ட போட்டா முடிஞ்சிடும்மா" என்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, வூட்டுல ஒரு சாவு. வருஷம் திரும்பல. ஓட்டையெல்லாம் போடக்கூடாது."

"அப்ப ஜன்னல் வழியா வுடட்டா?"

ஜன்னலில் கொசுவலையைச் சட்டம் வைத்து நீங்கள்தான் ஆணி அடித்தீர்கள். அதைப் பிரிக்கவும் சுத்தியல் வேண்டும். கடைசியில் பின்கதவு வழியாக, நிலையை ஒட்டி ஒயரை உள்ளே கொண்டுவந்து செல்வியின் மேசையில் நெட் பெட்டியை வைத்தார். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு நீலக்கலரில் ஒரு சின்ன ஒயர். பச்சை லைட் எரிந்தது. போகும்போது நாலு தரம் சொன்னார்: "இந்தக் கதவ மட்டும் சாத்திடாதீங்கம்மா. உள்ள இருக்கறது கண்ணாடி இழை. நசுங்குனா போச்சி." கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தோம்.

நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தலைக்குக் குளித்து, விளக்கை ஏற்ற நெருப்புப்பெட்டியை எடுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவு திறந்திருந்தால் லட்சுமி அந்த வழியாகப் போய்விடுவாள் என்று கருத்து தெரிந்த நாளிலிருந்து சாத்தி வருகிற கை இது. செங்கல்லைக் காலால் தள்ளியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் எனக்கே தெரியாது. கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து செல்வி கத்தினாள்.

"அத்த! செவப்பு லைட்டு எரியுது! கதவ இன்னா பண்ண?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிக் கதவைத் திறந்தேன். ஒயர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. லட்சுமி போகக்கூடாது என்று நான் சாத்திய கதவு, வீட்டுப் பெண்ணையே வெளியே அனுப்பப் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. குனிந்து ஒயரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பரவால்ல அத்த. பெங்களூருல ஆஸ்டல் இருக்காம், கேட்டு வெச்சிருக்கறேன்" என்றாள். எனக்குத் தெரியாமல் எப்போது கேட்டு வைத்தாள்?

சனிக்கிழமை லைன்காரர் வரவில்லை, வேறு ஊரில் வேலையாம். போன் போட்டுப் போட்டு என் காது சூடேறிவிட்டது. நடுவில் திரௌபதியம்மன் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று, "தாயே, எம்பொண்ண எங்கிட்டயே வுட்டுடு" என்று கும்பிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எம்பொண்ணு என்று சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து ஒயரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மாத்திக் குடுக்கறேன். ஆனா மறுபடியும் கதவு வழியா வுட்டா மறுபடியும் இதே கததான். செவுத்துல போடறதுன்னா சொல்லுங்க." அண்ணனைப் பார்த்தேன். "என்ன ஏன் பாக்கற கோமு? சாமி, சாஸ்திரம் எல்லாம் ஒனக்குத்தான் தெரியும். நீ சொல்றதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் எல்லாருக்கும் நாள் நட்சத்திரம் சொன்ன வாய் எனக்கு. அன்றைக்கு அந்தச் சுவரண்டை போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் நீங்கள் மொட்டைமாடியில் நின்றது ஞாபகம் வந்தது. செல்வி காலேஜ் படித்த சமயம். கீழே அறைக்குள் சிக்னல் எடுக்காது. நீங்கள் உங்கள் செல்போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பீர்கள். அதிலிருந்து நெட் கீழே அவளுக்குப் போக வேண்டும். காய்ந்த மிளகாயை அள்ள நான் மாடிக்கு வந்தேன்.

"இன்னா அண்ணி, செல்போனுக்கு ஆரத்தி எடுக்கறீங்களா?"

"பேசாதடி, கை ஆடுது. இன்னிக்கி போட்டியாம்."

"வெளையாட்டுக்கா இப்டி வெயில்ல நிக்கறீங்க?"

"எங்கெங்கியோ இருக்கறவங்க எல்லாம் ஒண்ணா வெளையாடறாங்களாம் கோமு. எம்பொண்ணு மட்டும் ஏன் பாதியில நிக்கணும்?"

கை மாற்றக்கூட மாட்டீர்கள். நான் வந்து பிடிக்கிறேன் என்று சொன்னபோது, "நீ கந்தசஷ்டி முணுமுணுத்துக்கினு தூங்கிடுவ, போ" என்று விரட்டினீர்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த என்னை, ஒரு நாளும் முகம் சுளிக்காமல் இப்படி விரட்டி விரட்டியே இருபது வருஷம் வைத்துக்கொண்டீர்கள். சுவர் விஷயம் சொல்ல வந்து எங்கெங்கோ போகிறேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

"போடுங்க தம்பி" என்றேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். செல்வி, "அத்த, நல்லா யோசிச்சிக்க. அப்புறம் தெனம் பொலம்பக்கூடாது" என்றாள். "நான் எப்படியும் பொலம்பத்தான் போறேன், நீ இங்க இருந்து கேளு" என்றேன்.

லைன்காரர் துளை போடும் மிஷினைச் சொருகுவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அறையில் தனியாக நின்றேன். நீங்கள் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பொதுவாகத்தான் பேசினேன்: "அண்ணி, இப்போ பெரிய சத்தம் வரும். பயந்துடாதீங்க. நம்ம செல்விக்காகத்தான். செத்த நேரம் முருங்க மரத்துக்கிட்ட போய் நில்லுங்க. முடிஞ்சதும் நானே கூப்புடறேன்." வாசல்பக்கம் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பிறகுதான் அவரை உள்ளே விட்டேன்.

அம்மாடி, அந்தச் சத்தம்! இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சுவர் முழுக்க அதிர்ந்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு பொட்டு மாதிரி உள்ளே தெரிந்தது. அதில் ஒயரை விட்டு, பெட்டியில் சொருகி, பச்சை லைட் வந்ததும் அவர் கிளம்பிவிட்டார். நான் கூட்டினேன், துடைத்தேன், சாம்பிராணி போட்டேன், நாளைக்குப் பரீட்சையாயிற்றே என்று திருநீறு எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் காதில் அந்த ஹெட்போன் மாட்டலை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிக்ஸி போடவில்லை, மோட்டார் போடவில்லை. அண்ணன் கரும்புக்கொல்லைக்குப் போகாமல் தூணில் சாய்ந்து நின்றார். உள்ளே தட்தட்டென்று பட்டன் சத்தம். அது நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. லைன் போய்விட்டதா, இவள் யோசிக்கிறாளா என்று எப்படித் தெரியும்? மறுபடி தட்தட்டென்று கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். முருகா, அம்மா, பெருமாளே என்று தெரிந்த பேரையெல்லாம் கூப்பிட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. மாட்டலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு செல்வி வெளியே ஓடிவந்தாள். சந்தோஷத்தில் கண்மண் தெரியாமல், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அம்மா! ஒரு தடவகூட நிக்கல, அம்மா!"

கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கோ வேறொன்று உறைத்தது. வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று உங்களை வெளியே அனுப்பினேனே, கூப்பிடவே இல்லையே! ராத்திரி முழுக்க முருங்கை மரத்தடியில் நிற்க விட்டுவிட்டேனே!

நான் மறந்ததை உங்கள் பெண் செய்துவிட்டாள் அண்ணி. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் வராமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

முடிவை அடுத்த வாரம்தான் சொல்வார்களாம். கிடைத்தால் அவள் இங்கே, இல்லையென்றால் அங்கே. எதுவானாலும் ஆடியில் நான் உங்களுக்குப் படைத்து, கும்பிட்டு, அனுப்பிவைக்க வேண்டும். அதற்கப்புறம் அவள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது? அன்றைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. எட்டிப் போய் அவள் தலையைத் தொட்டு, "இன்னாமா?" என்றேன். உங்கள் குரல் எனக்கு வராது. ஆனாலும் அவள் என் தோளில் வந்து சாய்ந்தாள். அந்த ஒரு சொல்லை இப்போதிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன், அண்ணி.