கேட்காமல் தொங்கவிட்ட நாற்பது மூட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மிதவையில் கயிறு கட்டி வளர்த்த சிப்பிகள் செத்ததற்குக் காரணம் நான்தான். உங்கள் கவனக் குறைவு இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால், விசாரிப்பிலேயே தாள் தீர்ந்துவிடும். இரண்டாவது கண்ணின் கட்டுப் பிரிக்கும்வரை இதை அண்ணிதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அண்ணி, ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

போன வருடம் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து நீங்கள் ஒரு மாதம் படுத்திருந்தீர்கள் அல்லவா, அப்போது நடந்தது இது. ஹோட்டல்காரர் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். என் சிப்பிகள் இன்னும் சதை பிடிக்கவில்லை. தெற்கே இருக்கும் வளைகுடாவிலிருந்து ஒருவர் நாற்பது மூட்டை சிப்பியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. காரணம் கேட்டால் விலை ஏறும் என்று பழகியவள் நான். இளைத்த சிப்பியை ஆறு வாரம் நல்ல தண்ணீரில் தொங்கவிட்டால் தேறிவிடும், எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

என் மிதவையில் இடம் இல்லை. உங்களுடையதில் வெளிப்பக்கம் எட்டுக் கயிறு காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் படகை நிறுத்திவிட்டு, "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடேன்" என்றார். "கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருக்கிற மனுஷன்கிட்ட போய் கயித்தைப் பத்திப் பேசவா? எங்க அண்ணனோட தண்ணி இது. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று வாயை அடைத்தேன்.

அவை தேறவில்லை. மூன்றில் ஒரு பங்கு வாயைப் பிளந்துவிட்டது. உள்ளே சதை, அலசிப் பிழிந்த துணி மாதிரி வெளிறிக் கிடந்தது. உயிரோடு இருந்ததை விற்றேன். செத்ததை அங்கேயே தண்ணீரில் உதறிவிட்டு ஓடுகளை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தேன். மூட்டை தூக்கும் கூலி மிச்சம் என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்துத் தண்ணீர் சூடானதும் உங்களுடையவை சாகத் தொடங்கின. "நான் படுத்துட்டேன், கயித்தைக் கழுவ ஆள் இல்ல, நெருக்கத்துல மூச்சு முட்டிப் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த கண்ணுக்காக நீங்கள் ஊருக்குப் போன பிறகு மீன்வள ஆய்வுக்கூடத்துப் பெண் வந்தாள். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற பெண். செத்துக்கொண்டிருந்த சிப்பியின் செவுளில் துளி வெட்டி, ஒரு குழாயில் சத்துநீரில் போட்டு, ஒரு வாரம் இருட்டில் வைத்திருந்தாளாம். அதன்மேல் அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னாள். அண்ணா, அதற்குள்ளே கருநீலமாக உருண்டை உருண்டையாக, நூறு இருக்கும், ஒன்றையொன்று தொடாமல் மிதந்துகொண்டிருந்தன. அந்தி முடிந்த வானத்தைக் குனிந்து பார்ப்பது போல இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றா இத்தனையையும் கொன்றது என்று கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை. சாப்பிடுகிற மனிதருக்கு ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணியாம். சிப்பியை மட்டும் மாதக்கணக்கில் உள்ளிருந்து கரைக்குமாம். "அது கதவைத் திறந்து வைக்கும்க்கா, அப்புறம் தண்ணியில இருக்கிற பாக்டீரியா உள்ள புகுந்து முடிச்சிடும்" என்றாள். செத்த சதை கரையக் கரைய அது தண்ணீரில் கலந்து, பக்கத்துச் சிப்பி குடிக்கிற தண்ணீரோடு போய்விடுமாம்.

வெளியூர்ச் சிப்பி ஏதாவது இங்கே வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. மிதவையையும் தண்ணீர்க் குத்தகையையும் நீயே எடுத்துக்கொள், கொடுப்பதைக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை, என் மனம் முதலில் கணக்குத்தான் போட்டது. பக்கத்துத் தண்ணீர், கேட்ட விலைக்கு வருகிறது.

அளந்து பார்க்கத்தான் மதியம் தனியாக உங்கள் மிதவைக்குப் போனேன். காற்றே இல்லை. கடலும் வானமும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மூங்கிலில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். வெறும் ஓடுகள் கயிறு கயிறாகப் பிளந்து தொங்கின. உள்ளே இருக்கும் முத்து வெள்ளையில் வெயில் பட்டு, ஆழத்தில் யாரோ வரிசையாக விளக்கு ஏற்றியது போல ஆடியது. அப்படியே கண் செருகிவிட்டது. தூக்கத்தில் அந்த ஓடுகள் எல்லாம் மூடி மூடித் திறந்தன. ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்து, பக்கத்திலிருப்பதற்குக் கொடுத்தது. அதுவும் குடித்தது. வரிசையின் கடைசியில் நீங்கள் கண்ணில் கட்டோடு கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். கொடுக்கிற இடத்தில் நான் நின்றேன். விழித்தபோது கன்னத்தில் மூங்கில் தடம் பதிந்திருந்தது. அளக்கக் கொண்டுபோன நாடா தண்ணீருக்குள் போயிருந்தது.

நேராக ஆய்வுக்கூடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, "நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க மிதவையில பாதியாவது முன்னாடியே அறுவடை பண்ணியிருக்கலாம்க்கா" என்றாள். ஆமாம் அண்ணா, என்னுடையதும் சாகிறது. அது எனக்கு வேண்டியதுதான்.

பிறகு அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அவர் இத்தனை மாசமா தன்னையே திட்டிக்கிட்டு இருக்கார். நீ வேடிக்கை பார்த்துட்டு இருந்தே" என்றார்கள். அண்ணியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேரத்துக்கு வந்தார்கள். இருபது வருடமாகச் சந்தையில் நிற்கிறேன், இப்படி யாரும் என்னை மடக்கியதில்லை. ஒரு அறுவடை தருகிறேன் என்றேன். "உங்கிட்ட ஒண்ணு வாங்கவா இவ்வளவு நேரம் போனைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்?" என்றார்கள்.

மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்ளுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். அண்ணியும் நானும் பேசி முடித்ததை இங்கே எழுதிவிடுகிறேன்:

உங்கள் மிதவையை நான் வாங்கவில்லை. செத்த ஓடு முழுவதையும் கரையேற்றி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது என் செலவு. ஆய்வுக்கூடம் சொல்கிறவரை, ஒரு வருடமானாலும், இரண்டு பேர் கயிறும் வெறுமையாக இருக்கும். அதன் பிறகு பரிசோதித்த குஞ்சுச் சிப்பி, கயிறு, கூலி எல்லாம் என்னுடையது. முதல் இரண்டு அறுவடையும் முழுக்க உங்களுடையது. உங்கள் தண்ணீரில் ஒரு சிப்பி இறங்குவதென்றாலும் உங்களை நேரில் நிற்கவைத்துக் கேட்டுத்தான் இறக்க வேண்டும். போனில் கேட்டால் செல்லாது.

உங்கள் தங்கை