திறந்து கிடக்கும் உன் இன்ஜின்

அன்பு மச்சான் நசீர்,

நீ போன பிறகு தாம்பரத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சாலையோரம் இன்னும் தோண்டுகிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. உன் உதிரிபாகக் கடை இருந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள். கூட்டம் நன்றாகவே வருகிறது. கோபப்படுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. உன் கார் ராஜகீழ்ப்பாக்கத்தில், மெக்கானிக் செல்வத்தின் ஷெட்டில், வயிறு திறந்து கிடக்கிறது. உன் மகள் ஷபானாவுக்கு நாவலூரில் வேலை கிடைத்தது. "அத்தா வண்டியிலதான் போவேன்" என்று எடுத்துக்கொண்டு போனாள். மேடவாக்கம் அருகே டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்தாளாம். அடுத்த சிக்னல் வரை தாங்கும் என்று நினைத்தாளாம். உன் மகள்தானே. இன்ஜின் கொதித்து, அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டுவிட்டது.

இப்போது பஸ் மாறி மாறிப் போய் வருகிறாள். அவள் வரும்வரை அவள் அம்மா ஜரினா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹெட்டில்தான் சிக்கல். உன் மாடல் நின்றுபோய்விட்டது. கிடைக்கிற புது ஹெட்டின் பெட்டி பளபளக்கிறது. உள்ளே இருப்பதை யார் செய்தார்கள் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. அசல் ஹெட் ஒன்றும் இருக்கிறது. பின்னால் லாரி இடித்து உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து கழற்றியது. தப்பானதைப் போட்டால் மறுபடி நடுரோட்டில் நிற்கப் போவது ஷபானா.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கண்ணே" என்று ஜரினா சொல்லிவிட்டாள். நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டதன் பலன் இது. உன் மனைவி எனக்குத் தங்கை, உன் மகளுக்கு நான் மாமா, உன் இன்ஜின் என் தலையில்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சட்டம் சொல்வாயே: அசையாததைப் பழசா வாங்கு, உரசறதைப் புதுசா வாங்கு. ஹெட் அசையாது. அதற்குள்ளே இருக்கும் வால்வு உரசிக்கொண்டே இருக்கும். இதற்கு உன் சட்டத்தில் என்ன வழி? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, சிரித்து மழுப்பியிருப்பாயா?

காலை நடைக்கு வருகிறவர்களிடம் கேட்டேன். புதுசுதான் என்றார் ஒருவர். தன் காருக்குப் போட்ட உறையை இன்றுவரை கழற்றாதவர். எலெக்ட்ரிக் வாங்கிவிடுங்கள் என்றார் இன்னொருவர். விபத்து கண்ட வண்டியின் பாகம் குடும்பத்துக்கு ஆகாது என்றார் மூன்றாமவர். அது எப்படியோ ஜரினா காதுக்கும் போய்விட்டது. அந்த வண்டியில் வந்தவர் என்ன ஆனார் என்று கேட்டு வரச் சொன்னாள். ஷபானாவையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

"அவருக்கு இன்னா சார்" என்றான் செல்வம். "எதிர் கடையில டீ குட்ச்சிகினு இருந்தாரு. வண்டி சும்மா நின்னுகினு இருந்துச்சு. லாரிக்காரன்தான் அழுதான்."

"சரி, நாளைக்குச் சொல்றேன்."

"எத்தினி நாளைக்கு சார்? மழ வந்தா துரு புட்ச்சிக்கும். பொண்ணு பாக்கற மாதிரி தெனம் வந்து பாத்துட்டுப் போறீங்க. பேஜாரா கீது."

பின்னாலிருந்து ஷபானா மெதுவாகச் சொன்னாள். "அத்தாவும் இப்டித்தான் மாமா. நாளைக்கு, நாளைக்குன்னு."

பைபாஸ் என்று டாக்டர் சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "கால்லேருந்து நரம்ப எடுத்து நெஞ்சுல வெப்பாங்களாம் மச்சான். சொந்த வண்டியிலயே செகண்ட் ஹேண்ட் பார்ட்." டாக்டரும் சிரித்தார். பிறகு ஸ்டென்ட் போதும் என்று சொல்ல ஒரு டாக்டரைத் தேடினாய். அவர் சரியா என்று சொல்ல இன்னொருவரை. ஊருக்கே பார்ட்ஸ் பொறுக்கிக் கொடுத்தவன், உனக்கு மட்டும் ஒன்றை எடுக்காமலே நின்றாய். ஏதாவது ஒன்றைப் போட்டிருந்தால் இருந்திருப்பாயா? தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை.

செல்வம் பக்கம் திரும்பினேன். "பழைய ஹெட்டையே எடு. குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்ல கொடுத்து விரிசல் இருக்கான்னு பாக்கச் சொல்லு. வால்வு, சீல் எல்லாம் புதுசு."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா சார்?"

"டெஸ்ட்ல ஃபெயில் ஆனா?" என்றாள் ஷபானா.

"அன்னிக்கே அந்தப் புதுசு."

முடிவு சரியா என்று எனக்குத் தெரியாது, மச்சான். நீ இருந்திருந்தால் இதையும் மறுத்துப் பேசியிருப்பாய். ஹெட் இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறது. அங்கிருந்து ஃபோன் வரும் என்று உட்காருவதும் எழுவதுமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எந்த ஹெட்டாக இருந்தாலும் சரி, முதல் நாள் நாவலூர் வரை ஷபானா பக்கத்தில் நான் உட்கார்ந்து போவேன். அவள் ஓட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். என் கண் அந்த முள்ளின் மேலேயே இருக்கும். அது ஏறினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டச் சொல்வேன். அடுத்த சிக்னல் வரை பார்க்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் மகளுக்கு மாமாவாகிவிட்ட,
உன் மச்சான்
ரகுராமன்